ஏழு டிகிரிக்குக் கீழே

பக்தவத்சலத்தின் சிவப்பு கார் அலங்கார வளைவில் மோதியபோது வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இதில் சௌல்தாரியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மணிக்கு இருநூற்றைம்பது போகும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த கார் அது. அந்த வேகத்தில் அந்தமானில் எந்தத் திசையில் கிளம்பினாலும் சற்று நேரத்தில் கடலுக்குள் இருக்க வேண்டியதுதான் என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. காண்ட்ராக்டரிடம் போய் தூரம் பேசுவது யாருக்கு நல்லது?

2012 ஜனவரி. காலை ஒன்பது மணி, சுள்ளென்ற வெயில். ‘இந்திராணி வேளாண் குளிர்பதனக் கிடங்கு’ இரண்டாம் கட்டத் திறப்பு விழா. முதல் கட்டம் சுனாமி மறுவாழ்வு மானியத்தில் கட்டப்பட்டது, விவசாயிகளின் காய்கறி அழுகாமல் இருப்பதற்காக. சௌல்தாரி விவசாயிகளோ காய்கறியை அழுகுவதற்கு முன்பே விற்றுவிடும் பழக்கமுள்ளவர்கள். அதனால் கிடங்கு காலியாகவே இருந்தது. காலிக் கிடங்குக்கு இரண்டாம் கட்டம் எதற்கு என்று விழாவுக்கு வந்த இருநூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது.

நிகழ்ச்சி நிரலில் முதல் இனம் கார்தான். கிடங்கின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, சிமெண்ட் சரிவில் மெல்ல இறங்கி, டெல்லி அதிகாரி அமர்ந்திருக்கும் மேடைக்கு எதிரே நிற்க வேண்டும். கதவு திறக்கும். பக்தவத்சலம் இறங்கிக் கும்பிடுவார். இறங்குவதையும் கும்பிடுவதையும் அவர் போர்ட் பிளேரில் தன் மரைன் ஹில் வீட்டு மாடியில் நான்கு நாள் பழகியிருந்தார். ஓட்டுவது டிரைவர் சொக்கலிங்கத்தின் வேலை என்பதால் அதை யாரும் பழகவில்லை.

கார் இறங்கியது. அதைச் சுற்றி லேசாக வெண்புகை. முன்வரிசைப் பெண்கள் அதையும் விழா ஏற்பாடு என்றே நினைத்தார்கள். பக்தவத்சலம் ஜன்னல் வழியாக ஒரு கையை நீட்டி ஆட்டிக்கொண்டு வந்தார். மேடைக்கு இருபதடி முன்னால் சொக்கலிங்கம் பிரேக்கை மிதித்தான். பிரேக் அவன் காலடியில் கடகடவென்று துடித்தது, கார் நிற்கவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், கல்யாண ஊர்வலம் போல, வழுக்கிக்கொண்டே மேடையைக் கடந்தது. டெல்லி அதிகாரி மரியாதைக்கு எழுந்து, கார் போகப் போக மெதுவாகத் திரும்பி, கடைசியில் மேடையில் இருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்தவத்சலத்தின் கை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் டம் என்று ஒரு சத்தம். வளைவின் இடது தூண் சாய்ந்தது. அதில் கட்டியிருந்த பன்னிரண்டடி பக்தவத்சலம் ஃபிளெக்ஸோடு வந்து பானெட்டின் மேல் படுத்துக்கொண்டார்.

பிரியாணி மட்டும் திட்டப்படி பரிமாறப்பட்டது.

அன்று மதியமே பக்தவத்சலம் ஸ்டேஷனுக்குப் போனார். டிரைவர் குடித்திருந்தான் என்று ஒரு புகார். அழகர்சாமியிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே செய்தான் என்று இன்னொரு புகார். அழகர்சாமி அவருக்குப் போட்டி காண்ட்ராக்டர். போர்ட் பிளேரில் மழை பெய்தாலும் அதில் அழகர்சாமியின் கை இருக்கிறதா என்று யோசிப்பவர் பக்தவத்சலம். இரண்டாவது புகாருக்குச் சாட்சி கேட்டார்கள். முதலாவதுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ஒரு கான்ஸ்டபிள் சொக்கலிங்கத்தின் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தார். காலையில் அவன் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டது வெங்காயச் சம்பல். வெங்காயம் என்று எழுதினால் வழக்கு நிற்காது. சாராயம் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. ‘சந்தேகத்துக்குரிய வாடை’ என்று எழுதி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்.

வேறு நேரமாக இருந்தால் சொக்கலிங்கம் நாலு நாள் அலைந்து லைசென்ஸை மீட்டிருப்பான். இப்போது அப்படி இல்லை. அரசு பஸ் டிரைவர் வேலைக்கு எழுத்துத் தேர்வு முடிந்து, ஓட்டுத் தேர்வும் முடிந்து, பட்டியலில் பெயரும் வந்தாயிற்று. பாக்கி போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுதான். மாதக் கடைசிக்குள், ‘இவர் மேல் ஒன்றும் இல்லை’ என்று ஸ்டேஷனிலிருந்து தாள் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த பெயர். அடுத்த வருஷம் எழுதலாம் என்றால் மார்ச்சில் அவனுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. அவன் அப்பாவை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் விட்டது ஒரு சர்க்கார். சுனாமிக்குப் பிறகு அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்தது கடல். இனி யாரும் எங்கும் கொண்டுபோய் விட முடியாத ஒரு வேலை அவனுக்கு வேண்டியிருந்தது. குடித்துவிட்டு ஓட்டினவன் என்ற ஒரு வரி அதற்குப் போதும்.

சப்-இன்ஸ்பெக்டர் அவனிடம் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். காய்ந்த ரோடு, புது டயர், பதினைந்து கிலோமீட்டர் வேகம். குடிக்காத ஒருத்தன் இதில் எப்படி மோதுவான்?

நியாயமான கேள்வி. சொக்கலிங்கத்துக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அவனுக்கு வேறு சந்தேகங்களும் இருந்தன. அந்தக் கார் வந்து மூன்று மாதம் ஆகிறது. மரைன் ஹில் வீட்டில் அது ஒரு ராத்திரி கூட நின்றதில்லை. எங்கே போனாலும் கடைசியில் சௌல்தாரி கிடங்கின் பின்கதவருகே நிறுத்தச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் போய்விடு என்பார் முதலாளி. மறுபடி எடுக்க வரும்போது கார் வெளியே வெயிலில் தயாராக நிற்கும். விழாவன்று மட்டும் அப்படி இல்லை. பத்து மணிக்கு வர வேண்டிய டெல்லி அதிகாரி ஒன்பதுக்கே வந்துவிட்டார். அழகர்சாமியின் ஆட்கள் காரைக் கீறப்போகிறார்கள் என்று முந்தின நாள் யாரோ கிளப்பிவிட, பக்தவத்சலம் கடைசி நிமிஷம் வரை காரை வெளியே காட்டவில்லை. சொக்கலிங்கம் போய் நின்றபோது, அவரும் கிடங்கு ஆபரேட்டர் அழகையாவும் வேர்க்க விறுவிறுக்கக் காரை எங்கிருந்தோ தள்ளி முடித்திருந்தார்கள்.

முதலாளி இன்சூரன்ஸில் காசு பார்க்கத் தன்னைப் பலி கொடுக்கிறாரோ என்று அவன் யோசித்தான். நல்ல சந்தேகம்தான். ஆனால் தன் படத்தின் மேல் தானே மோத பக்தவத்சலம் சம்மதிக்க மாட்டார் என்பதால் அதைக் கைவிட்டான்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சந்திரசேகர் என்று பெயர். விமானத்தில் வந்து, மறுநாள் ஹேவ்லாக் தீவைச் சுற்றிப் பார்க்கப் படகு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். எனவே உண்மையை அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். இருபது வருஷ அனுபவத்தில் மனிதர்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: பொய் சொல்லுகிறவர்கள், இன்னும் பேச ஆரம்பிக்காதவர்கள்.

கார் தார்ப்பாய் போட்டு, கிடங்கின் முற்றத்தில் நின்றது. சர்வேயர் குந்தி உட்கார்ந்து டயரை நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். கார் தினமும் எங்கே நிற்கும் என்று கேட்டார். மரைன் ஹில் வீட்டு ஷெட்டில் என்று பக்தவத்சலம் சட்டென்று சொன்னார். சொக்கலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தான்; அவர் கிடங்கின் கூரையைப் பார்த்தார். அப்புறம் போன் வந்தது போல ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

காருக்குள்ளிருந்து ஒரு கையேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்த சர்வேயர் ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தார். இந்த டயர் ஸ்பீடுக்கென்றே பண்ணினது, வெயில் காலத்து டயர் என்று சொல்லி, அதில் இருந்ததைத் தமிழில் விளக்கினார். குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இதன் ரப்பர் கட்டை மாதிரி இறுகிவிடும். ரோட்டைப் பிடிக்காது. பிரேக் போட்டால் வழுக்கும். அந்தக் குளிரில் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

“ஐரோப்பாக்காரனுக்கு எழுதினது. உங்க ஊர்ல ஸ்வெட்டர் கூட விக்காதேப்பா,” என்றார்.

சொக்கலிங்கம் சிரிக்கவில்லை. விழாக் காலையில் காருக்குள் ஏறி உட்கார்ந்த நொடி அவன் நினைவுக்கு வந்தது. சீட் பேண்ட்டைத் தாண்டிச் சில்லிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல் விறைத்தது. முன்கண்ணாடி வெளிப்பக்கமாக வெள்ளையாய்ப் பூத்திருந்தது. வைப்பர் போட்டுத் துடைத்தால் மறுபடியும் பூத்தது. ஐயா, கண்ணாடிக்கு வேர்க்குதுங்களே என்று கேட்டதற்கு, இம்போர்ட்டட் ஏசி அப்படித்தான் இருக்கும், நீ மாருதி ஓட்டினவன், உனக்கென்ன தெரியும் என்றார் முதலாளி. ஏசியை அவன் இன்னும் போட்டிருக்கவே இல்லை. காரைச் சுற்றி வந்தது புகையும் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

“சார், ஏழு டிகிரின்னா எவ்வளவு குளிருங்க?”

“ஃபிரிட்ஜுக்குள்ள கை விட்டுப் பாரு. அதான்.”

சௌல்தாரியில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் முற்றத்தில்தான் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சர்வேயர் போன பிறகு அவன் அழகையாவிடம் போனான். அழகையா மதுரைப் பக்கத்துக்காரர், கிடங்கில் மெஷின் ஓட்டுவதும் காவலும் அவரே. கொளுத்துகிற வெயிலில் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ரிப்பேர், பத்து நாளாக ஓடவில்லை என்றார் அழகையா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான் சொக்கலிங்கம். உருளைக்கிழங்கு என்றார் அழகையா.

“எத்தனை மூட்டைண்ணே?”

“பதினொண்ணு.”

“நாலு வருஷமாவா?”

“மூட்டை அதேதான், தம்பி. ஆடிட் வரும்போது உள்ள இருக்குற கெழங்கை மட்டும் மாத்துவோம்.”

காரைப் பற்றிக் கேட்டான். தனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பதாகவும், கண்ணில் புரை இருப்பதால் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்றும், காரைத் தள்ளினது ஞாபகமில்லை, கை வலிக்கிறது என்றால் அது வாயுவாக இருக்கலாம் என்றும் சொன்னார். மெஷினை ஏன் நிறுத்துவதில்லை என்பதை மட்டும் கேட்காமலே விளக்கினார். மானியம் கொடுத்த துறை மாதாமாதம் கரண்ட் பில்லைப் பார்க்கிறது. பில் குறைந்தால் கிடங்கு ஓடவில்லை என்று அர்த்தம். ஆகவே நாலு டிகிரி குளிர் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சும்மா போகிற குளிரைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று சுற்றிலும் பார்த்தார்.

சொக்கலிங்கத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? விவசாயிகளின் கிடங்கில் காரை நிறுத்தினேன் என்று பக்தவத்சலம் ஒப்புக்கொண்டால் முதல் கட்ட மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள்; இரண்டாம் கட்டம் கைக்கு வராது. டிரைவர் குடிகாரன் என்று சொல்லுவதில் அவருக்கு ஒரு செலவும் இல்லை. ஸ்டேஷனில் போய், சார், கார் குளிரில் விறைத்திருந்தது என்று சொன்னால், முப்பது டிகிரி வெயிலில் இப்படிப் பேசுகிறவன் குடித்துத்தான் இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு வரி எழுதுவார்கள்.

மறுநாள் காலை மரைன் ஹில்லிலிருந்து போன் வந்தது. முதலாளியின் மனைவி இந்திராணி. முதலாளி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வரச் சொன்னாள். அவன் போனபோது சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டரையும் ஒரு குரங்குக் குல்லாயையும் விரித்து வைத்துக்கொண்டு, போலீஸ்காரர்கள் கைப்பற்றிய பொருள்களோடு படம் எடுத்துக்கொள்ளும்போது நிற்பார்களே, அப்படி நின்றிருந்தாள்.

வருஷம் முழுக்க மின்விசிறிக்குக் கீழே கிடக்கிற மனுஷன் ரகசியமாக மெயின்லேண்டிலிருந்து ஸ்வெட்டர் வரவழைக்கிறான் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். முதலில் ஊட்டியில் ஒருத்தி என்று நினைத்தாளாம். ஆனால் மூன்று மாதமாக அவர் கப்பல் ஏறவில்லை, விமானம் ஏறவில்லை. தினமும் சாயங்காலம் சௌல்தாரிக்குத்தான் போகிறார். திரும்பி வரும்போது கை சில்லென்று இருக்கிறது. முகத்தில் ஒரு திருப்தி.

“அவ யாருன்னு மட்டும் சொல்லிடு. உன்னை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.”

“அம்மா, எனக்குத் தெரிஞ்சு பொம்பளை யாரும் இல்லீங்க. கிடங்குச் சாவி உங்ககிட்ட இருந்தா வாங்க, காட்டுறேன்.”

சாவி அவளிடம்தான் இருந்தது. அது அவளுடைய கிடங்கு. பெண் தொழில்முனைவோருக்கு மானியம் பத்து சதவீதம் கூட என்பதால், பத்தாம் வகுப்பு வரை படித்து, கையெழுத்தைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டறியாத இந்திராணி, காகிதத்தில் நாலு வருஷமாகக் குளிர்பதனத் தொழிலதிபராக இருந்தாள். ஒருமுறை கூட உள்ளே போனதில்லை. திறப்பு விழாவில் கூடப் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில்தான் நாற்காலி கிடைத்தது.

ஆட்டோவில் போனார்கள். அழகையாவுக்குச் சம்பளம் வருவது அந்தப் பெயரில்தான் என்பதால், போர்டில் இருக்கும் இந்திராணி நேரில் வந்து நின்றதும் அவர் எழுந்து மப்ளரை அவிழ்த்தார். தடுக்கவில்லை. கனத்த கதவை இழுத்துத் திறந்தார். வெள்ளை மூச்சு ஒன்று வெளியே உருண்டு வந்து அவர்கள் காலில் படிந்தது.

உள்ளே பெண் யாரும் இல்லை. சுவரோரம் பதினொரு மூட்டை உருளைக்கிழங்கு, முன்பக்கம் அழகாகவும் பின்பக்கம் வேறு மாதிரியாகவும். நடுவில் பெரிய காலி இடம். தரையில் சிவப்புக் கம்பளம், அதன் மேல் நாலு டயர் தடம். ஒரு மூலையில் காருக்குப் போடும் வெல்வெட் உறை, மடித்து, அதன் மேல் காய்ந்த செவ்வந்தி மாலை. பாலிஷ் டப்பாக்கள். டயர் தடங்களுக்கு எதிரே, சற்றுத் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

இந்திராணி அந்த நாற்காலியையே பார்த்தாள். தினமும் சாயங்காலம் ஒரு மனுஷன் ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டிக்கொண்டு இதில் உட்கார்ந்து எதிரே நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு பெண் இருந்திருந்தால் அவளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் ஆட்டோவிலேயே தயாராகிவிட்டிருந்தன. இதற்கு ஒரு வார்த்தையும் தயாராக இல்லை.

சொக்கலிங்கம் டயரின் கதையைச் சொன்னான். ஏழு டிகிரி, ரப்பர் இறுகுவது, கண்ணாடி பூத்தது, பஸ் வேலை, மாதக் கடைசி எல்லாம். அவள் குளிரில் பல் அடித்துக்கொள்ளக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்று மட்டும் விசாரித்தாள்: இது வெளியே தெரிந்தால் துறைக்காரர்கள் யாரைப் பிடிப்பார்கள்? போர்டில் இருக்கிற பெயரைத்தான் என்றார் அழகையா. கண்ணில் புரை இருந்தாலும் அந்தப் போர்டை அவரால் வாசிக்க முடிந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“நான் கிடங்குல இருக்கேன். உங்க நாற்காலியில.”

முக்கால் மணி நேரத் தூரத்தைப் பக்தவத்சலம் பழைய ஜீப்பில் அரை மணியில் கடந்து வந்தார். அவர் வாழ்க்கையில் மிக வேகமாகப் பயணம் செய்தது அன்றுதான். வந்தவர் முதலில் அழகையாவைப் பார்த்தார், அப்புறம் சொக்கலிங்கத்தைப் பார்த்தார், எத்தனை ரூபாய் கொடுத்தான் அழகர்சாமி என்று ஆரம்பித்தார். இந்திராணி கையைக் காட்டினாள். நின்றுவிட்டது.

காரை எதற்கு இங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, மரைன் ஹில்லின் உப்புக் காற்றில் எந்த இரும்பும் இரண்டு மழைக்குத் தாங்காது என்றார். அதற்கு? குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று தெளிவாகப் போட்டிருந்ததாம். எதில் போட்டிருந்தது? அவர் பாலிஷ் டப்பாவை எடுத்துக் காட்டினார். அது டப்பாவை வைக்க வேண்டிய இடம் என்று யாரும் சொல்லவில்லை. அவரே இப்போதுதான் அதை முழுசாக வாசித்தார்.

அப்புறம் பேரம். புகாரை வாபஸ் வாங்கத் தயார், ஆனால் கார் ஏன் வழுக்கியது என்று ஏதாவது எழுதியாக வேண்டுமே? ரோட்டில் எண்ணெய் கொட்டியிருந்தது என்று எழுதலாமா என்றார். அந்த ரோடு அவர் போட்டது. எழுதினால் ரோட்டை யாராவது போய்ப் பார்ப்பார்கள், பார்த்தால் எண்ணெய் தவிர வேறு நிறைய தெரியும். பிரேக் சரியில்லை என்று எழுதலாமா? பிரேக்கைக் கழற்றிப் பார்க்கிற சர்வேயர் ஹேவ்லாக் வரைக்கும்தான் போயிருக்கிறார், திரும்பி வருவார். நாய் குறுக்கே வந்தது? இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாய் பிரியாணிப் பந்தலில் இருந்தது.

“நீங்க ஹேண்ட் பிரேக்கை இழுத்தீங்க,” என்றாள் இந்திராணி.

“நான் எதுக்கு இழுக்கணும்?”

“மேடையைப் பார்த்ததும் எந்திரிச்சுக் கும்பிடணும்னு அவசரம்.”

பக்தவத்சலத்தை அறிந்த யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. முதலாளியே கையை வைத்தால் இன்சூரன்ஸ் பத்து பைசா தராது என்று முனகினார். தராது என்று இந்திராணியும் ஒப்புக்கொண்டாள்.

“மத்தது உங்க இஷ்டங்க, ஐயா. நான் குடிக்கல்லைன்னு மட்டும் எழுதுங்க. அது நெசம்,” என்றான் சொக்கலிங்கம்.

எழுதுவதில் ஒரு சிக்கல். ஸ்டேஷனுக்கு ஹிந்தியில் எழுத வேண்டும். முப்பது வருஷமாகப் பக்தவத்சலம் பெங்காலியிடமும் தெலுங்கனிடமும் ஹிந்தியில்தான் தகராறு செய்துவருகிறார். ஆனால் எழுத வராது. கச்சால் பள்ளிக்கூடத்தில் படித்த சொக்கலிங்கத்துக்கு வரும். ஆகவே புகார் கொடுத்தவர் சொல்லச் சொல்ல, புகாருக்கு ஆளானவன் உருளைக்கிழங்கு மூட்டை மேல் தாளை வைத்து எழுதினான்.

‘டிரைவரின் ஏழைக் குடும்பத்தை எண்ணி, அவனை மன்னித்து’ என்று ஆரம்பித்தார் பக்தவத்சலம். பேனா நின்றது. தப்புச் செய்தவனைத்தானே மன்னிப்பார்கள் என்றான் சொக்கலிங்கம். அந்தத் தாள் கிழிந்தது. ‘அவன் குடித்திருந்ததாக எனக்குத் தோன்றியது தவறாகவும் இருக்கலாம்’ என்றார் அடுத்து. ‘இருக்கலாம்’ வேண்டாம் என்றான். ஏன், நான் எதையும் உறுதியாகச் சொல்லுகிறவன் இல்லை என்றார். ஸ்டேஷனில் உறுதியாகத்தானே சொன்னீங்க, ஐயா என்றான் அவன். இரண்டாவது தாளும் கிழிந்தது. விரல் விறைக்க ஆரம்பித்திருந்தது; வெளியே போய் எழுதலாமே என்றார் பக்தவத்சலம். வெளியே போனால் அவருக்கு வேறு யோசனை வரும் என்று சொக்கலிங்கத்துக்குப் பட்டது. இங்கேயே முடித்துவிடலாங்க என்றான். அவர் உடம்பில் ஸ்வெட்டர் இல்லை. அது மரைன் ஹில்லில் சாட்சிப் பொருளாகக் கிடந்தது. மூன்றாவது தாளில் அவர் வேகமாகச் சொன்னார்: குடிக்கவில்லை. வாடை வெங்காயம். ஹேண்ட் பிரேக் நான். கையெழுத்தில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

நாளை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். நாளை என்ற சொல்லை அங்கே மூன்று பேரும் நம்பவில்லை. எல்லோருமாக ஜீப்பில் ஏறினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு தடவை வாசித்தார். இதை எழுத எவ்வளவு வாங்கினீர்கள் என்று பக்தவத்சலத்திடம் கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை என்றதும் அவருடைய சந்தேகம் இரட்டிப்பாகியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நீங்களா என்று உரக்கக் கேட்டார். ஸ்டேஷனில் இருந்த நாலு கான்ஸ்டபிள்களும் திரும்பிப் பார்த்தார்கள். பக்தவத்சலம் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, “ஹாஞ்ஜி,” என்று ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் மேஜைக்குள்ளிருந்து வெளியே வந்தது. சொக்கலிங்கம் அதை வாங்கி, பெயர், எண், படம் மூன்றும் தன்னுடையதுதானா என்று சரிபார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தான். வெரிஃபிகேஷன் தாளில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ‘இவர் மேல் ஒன்றும் இல்லை’ என்று எழுதி, முத்திரை குத்தினார்கள். சர்வேயர் ஹேவ்லாக்கிலிருந்து திரும்பி வந்து, ‘உரிமையாளர் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார், காரணம் சந்தேகத்துக்கிடமானது’ என்று எழுதிக்கொண்டு சென்னைக்குப் போனார்.

பிப்ரவரி முதல் வாரம் சொக்கலிங்கத்துக்கு முதல் டியூட்டி. காலை ஆறு பத்து வண்டி. வண்டி எடுப்பதற்கு முன் அவன் பஸ்ஸைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். ஆறு டயரையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தான், உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். நேற்று இது எங்கே நின்றது என்று கண்டக்டரிடம் கேட்டான். இங்கேதான், டிப்போவில்தான், வேறெங்கே நிற்கும் என்றார் கண்டக்டர். யார் பார்த்தது என்று கேட்டான். கண்டக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். வண்டி ஆறு பதினைந்துக்குக் கிளம்பியது. முதல் நிறுத்தத்தில் அவன் சொன்ன இடத்தில் நின்றது.